முப்பத்துநான்கு தொழில்களும் ஒரு சோடிக் கைகளும்

அழகிய பொருளொன்றைக் கண்டு வியக்குமிடத்து அதனை ஆக்கியவனை மறந்துவிடுவது மனித நாகரிகத்தின் பழைய வழக்கம். கோபுரத்தைக் கட்டுவித்த மன்னனின் பெயர் கல்வெட்டிலே நிலைத்து நிற்கிறது. கல்லைச் செதுக்கியவனின் பெயர் காற்றோடு போய்விட்டது. கைக்கடிகாரத்தின் கதையும் பெரும்பாலும் இத்தகையதே. அதன் முகப்பிலே பொறிக்கப்பட்டிருப்பது விற்ற நிறுவனத்தின் பெயர். உள்ளே சக்கரத்துக்குப் பல் வெட்டியவர், ஆணியைக் கடைந்தவர், மாணிக்கக் கல்லுக்குத் துளையிட்டவர் ஆகிய எவருடைய பெயரும் அங்கில்லை.

இப்பொதுவிதிக்கு விலக்காக இருபதாம் நூற்றாண்டிலே ஒருவர் வாழ்ந்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் டானியல்ஸ் (1926-2011) செய்த கடிகாரங்களின் முகப்பிலே அவருடைய பெயரே உண்டு. அது வணிகச் சின்னமன்று; செய்தவனின் கையொப்பம். ஏனெனில், பிறர் பலர் கூடிச் செய்யும் வேலையை அவர் தமது கைகளாலேயே செய்து முடித்தார்.

கோடீசுவரர்கள் ஏலத்திலே போட்டியிட்டு வாங்கும் பொருளைப் பாராட்டுவது உழைக்கும் மக்களின் சார்பில் நிற்போர்க்குத் தகுமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். ஐயம் நியாயமானதே. ஆயின், வாங்குபவனைக் கொண்டு ஆக்கியவனை அளப்பது பிழை. பொருளின் விலை சந்தையைப் பற்றிக் கூறுகிறது. பொருளின் செய்நேர்த்தி உழைப்பைப் பற்றிக் கூறுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், கடிகாரத் தொழிலின் வரலாற்றைச் சற்று நோக்குதல் வேண்டும்.

பொறிக்கடிகாரத்தின் அடிப்படைத் தத்துவம் எளியது. சுருட்டி இறுக்கப்பட்ட எஃகுவில் விரிய முயல்கிறது. அதன் ஆற்றல் பற்சக்கரங்களின் வரிசையூடாகச் செல்கிறது. தடையின்றி விட்டால் அச்சக்கரங்கள் சிறிது நேரத்திலேயே சுழன்று ஓய்ந்துவிடும். அவ்வாறு நேராமல் ஆற்றலைத் துளித் துளியாக அளந்து விடும் உறுப்பே கடிகாரத்தின் உயிர்நிலை. அதனை விடுவிப்பான் எனலாம். அது விடும் ஒவ்வொரு துளியும் சமநிலைச் சக்கரத்தைத் தட்டி அசைக்கிறது. மயிரிழை போன்ற மெல்லிய சுருள்வில்லொன்று அச்சக்கரத்தை மீள இழுக்கிறது. இச்சுருள்வில்லைக் கடிகாரத்திற் பயன்படுத்தும் முறையை 1675இல் வெளியிட்டவர் ஒல்லாந்து நாட்டு விஞ்ஞானி கிறிஸ்ரியான் ஹைகென்ஸ். நமது செவியில் விழும் ‘டிக் டிக்’ என்பது விடுவிப்பானின் ஒலியே. விநாடிக்கு ஐந்து முறை ஒலிக்கும் பழைய பைக்கடிகாரம் ஒருநாளில் 4,32,000 முறை ஒலிக்கிறது. ஒருநாளுக்கு 86,400 விநாடிகள். அவற்றுள் 86 விநாடி பிழைக்கும் கடிகாரம்கூட ஆயிரத்தில் ஒரு பங்கே பிழைக்கிறது. அப்படியிருந்தும் அதனை நாம் கூடாத கடிகாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். மனிதனின் கைவேலையிடம் இத்தனை கறாரான கணக்குக் கேட்ட பொருள்கள் வரலாற்றில் மிகச் சில.

இத்தகைய நுண்மை வாய்ந்த பொருள் முதலாளித்துவ உற்பத்தியின் ஆய்வாளர்களை ஆரம்பத்திலேயே கவர்ந்ததில் வியப்பில்லை. 1776இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலிலே அடம் ஸ்மித், பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 20 பவுண் விலைபோன கடிகார இயந்திரத்தினும் சிறந்ததொன்று தமது காலத்தில் 20 சிலிங்குக்குக் கிடைக்கக்கூடும் என்று எழுதினார். விலை இருபதில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. இவ்விலைச் சரிவின் பின்னணியில் மறைந்துகிடந்த மனித வாழ்வைக் கண்டவர் கார்ல் மார்க்ஸ். நடைமுறைத் தேவைக்குப் பயன்பட்ட முதலாவது தானியங்கிப் பொறி கடிகாரமே என்று 1863 ஜனவரியில் எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்திலோ, கைத்தொழிற் பட்டறைகளில் நிலவிய வேலைப்பிரிவினையை விளக்குவதற்குக் கடிகாரத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். சுருள்வில் செய்பவர், முகப்புச் செய்பவர், முள் செய்பவர், திருகாணி செய்பவர், கல்லுக்குத் துளையிடுபவர், பொன்முலாம் பூசுபவர் என்று அவர் அடுக்கிச் செல்லும் பட்டியல் நீண்டது. ஒரு நூரெம்பேர்க் கைவினைஞனின் தனி ஆக்கமாக இருந்த கடிகாரம், எண்ணற்ற பகுதித் தொழிலாளரின் கூட்டு விளைவாக மாறிவிட்டதை அப்பட்டியல் காட்டுகிறது.

சுவிற்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியிலே இப்பிரிவினை முழுவடிவம் பெற்றது. லா-ஷோ-டு-ஃபோன் என்னும் ஊர் முழுவதையும் ஒரே கடிகாரப் பட்டறையாகவே கருதலாம் என்றார் மார்க்ஸ். பகுதித் தொழிலாளருட் பலர் தத்தம் வீடுகளிலேயே வேலை செய்தனர். பட்டறைக் கட்டடத்துக்கான செலவு முதலாளிக்கு மிச்சமாயிற்று. தொழிலாளிக்கு எஞ்சியது யாது? வாழ்நாள் முழுவதும் ஒரே வகைத் திருகாணி. அவன் விரல்கள் பெற்ற திறமை வியக்கத்தக்கது. ஆயின், தான் செய்த ஆணி எந்தக் கடிகாரத்தில், எந்த இடத்தில், எதனைத் தாங்கி நிற்கிறது என்பதை அவன் அறிய வேண்டிய தேவை இருக்கவில்லை. கடிகாரம் முழுமை பெற்றுக்கொண்டு வந்தது. அதனைச் செய்தவன் துண்டுபட்டுக்கொண்டு போனான்.

எனினும், ஜூராத் தொழிலாளரை வெறும் பரிதாபத்துக்குரியோராக மாத்திரம் காண்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. சிறு பட்டறைகளில், ஆலைச் சங்கின் அதட்டலும் இயந்திரத்தின் இரைச்சலும் இன்றி அமர்ந்து வேலை செய்தவர்களுக்குப் பேசவும் சிந்திக்கவும் இடமிருந்தது. முதலாம் அகிலத்தின் காலத்திலே அவர்கள் உறுதியான அரசியல் இயக்கமொன்றைக் கட்டியெழுப்பினர். 1872இல் அங்கு சென்ற ரஷ்யப் புரட்சியாளர் குரோபொட்கின், அக்கடிகாரத் தொழிலாளரிடையே கண்ட சுதந்திர சிந்தனையே தமது கொள்கையைத் தீர்மானித்தது என்று பிற்காலத்தில் எழுதினார். அதே ஆண்டு செப்ரெம்பரில், மார்க்சுடன் முரண்பட்டு நின்றோர் செந்-இமியே என்னும் கடிகார ஊரிலே தமது மாநாட்டைக் கூட்டினர். அவர்கள் வகுத்த பாதை சரியானதா என்பது வேறு விவாதம். தொழிலின் மீது தன்மானங்கொண்ட தொழிலாளி எளிதில் தலைவணங்குவதில்லை என்பதே இங்கு மனங்கொள்ள வேண்டியது.

தொழிலாளி கடிகாரத்தைச் செய்தான். ஆனால் தொழிலாளியிடம் கடிகாரம் இருந்ததா? ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வொன்று இவ்வினாவுக்கு ஒளியூட்டுகிறது. சூரியனையும் வேலையின் தன்மையையும் பார்த்து உழைத்து வந்த மக்களை, மணியடித்து வேலை வாங்கும் ஒழுங்குக்குள் கைத்தொழிற் புரட்சி எவ்வாறு கொண்டுவந்தது என்பதை அவர் விரிவாக ஆராய்ந்தார். அக்கால ஆலைகள் சிலவற்றிலே மணிக்கூடு காலையில் முன்னோக்கியும் மாலையில் பின்னோக்கியும் திருப்பப்பட்டதென்றும், தொழிலாளர் தம்முடன் கடிகாரம் கொண்டுவருவது தடுக்கப்பட்டதென்றும் சாட்சியங்கள் உள. 1847இல் பிரித்தானியப் பாராளுமன்றம், பெண்களும் இளைஞரும் துணியாலைகளில் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யலாகாது எனச் சட்டமியற்றியது. ஆனால் பத்து மணித்தியாலம் முடிந்துவிட்டதென்று கூறும் அதிகாரம் எவனுடைய மணிக்கூட்டுக்கு உண்டு? உழைப்பாளியின் சட்டைப்பையிலே ஒரு கடிகாரம் இருப்பது ஆடம்பரமன்று, தற்காப்பு என்பதை இவ்வினா உணர்த்துகிறது.

இத்தேவையை உணர்ந்து செயற்பட்ட ஒருவரின் பெயரைக் கூறாமற் செல்வது நன்றியன்று. யேர்மனியிலே பிறந்து லா-ஷோ-டு-ஃபோனிற் குடியேறிய ஜோர்ஜ் ஃபிரெடெரிக் ரொஸ்கொப்ஃ, ஏழைத் தொழிலாளியும் வாங்கத்தக்க நம்பகமான கடிகாரமொன்றைச் செய்ய முனைந்தார். வழக்கமான கடிகாரங்களிலும் மிகக் குறைவாக 57 உறுப்புகளையே கொண்டிருந்த அவருடைய கடிகாரம், 1867ஆம் ஆண்டின் பாரிஸ் பொருட்காட்சியிற் பரிசு பெற்றது. அதன் விலை ஏறத்தாழ 20 பிராங்க். ‘பாட்டாளியின் கடிகாரம்’ என்றே அது அழைக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் வோல்தம் நகரத் தொழிற்சாலை, ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய உறுப்புகளை இயந்திரத்தினாற் செய்து குவித்தது. 1896இல் இங்கர்சோல் நிறுவனம் ஒரு டொலருக்கே கடிகாரம் விற்கத் தொடங்கியது. முகப்பின் மேல் ஓடும் நேரம் முதன்முறையாகச் சாமானியனின் உடைமையாயிற்று. இயந்திர உற்பத்தி மக்களுக்கு அளித்த இக்கொடையை மறைத்துவிட்டு, பழைய கைவினைக் காலத்துக்காக மாத்திரம் கண்ணீர் வடிப்பது பிற்போக்கு வாதமாகவே முடியும்.

இதன் அடுத்த அத்தியாயம் 1969இல் எழுதப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பர் 25ஆந் திகதி யப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. வில்லும் சமநிலைச் சக்கரமும் செய்த வேலையை மின்கலமும் அதிரும் பளிங்குத் துண்டும் ஏற்றுக்கொண்டன. பின்னர் பொதுவழக்காகிவிட்ட குவார்ட்ஸ் கடிகாரங்களிலே அப்பளிங்கு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. நுண்மையில் எந்தப் பொறிக்கடிகாரமும் அதற்கு ஈடாகாது. 1970 அளவில் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை வழங்கிய சுவிற்சர்லாந்தின் கடிகாரத் தொழில், 1980களின் நடுப்பகுதியில் 30,000 பேரளவுக்குச் சுருங்கியது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கைத்திறனைச் சந்தை பத்துப் பதினைந்து ஆண்டுகளிலே தெருவில் நிறுத்தியது. புதுமை வந்தது குற்றமன்று. அதன் நன்மையை ஒரு சாராரும் சுமையை மறுசாராரும் ஏற்க வேண்டியிருந்ததே குற்றம்.

அதே 1969இலேதான் லண்டனில் ஜோர்ஜ் டானியல்ஸ் தமது முதலாவது பைக்கடிகாரத்தைச் செய்து முடித்தார். உலகம் பொறிக்கடிகாரத்துக்கு ஈமக்கடன் ஆற்ற ஆயத்தமாகிய வேளையிலே, ஒரு மனிதர் தனியே அமர்ந்து அதனை முதலிலிருந்து தொடங்கினார்.

அவருடைய பிறப்பும் வளர்ப்பும் செல்வர் வீட்டுக்குரியனவல்ல. 1926இல் சண்டர்லாண்டிலே பிறந்து வட லண்டனில் வறுமையில் வளர்ந்தார். பதினொரு பிள்ளைகள் உள்ள குடும்பம். ஐந்து வயதளவிலே வீட்டிலிருந்த பழைய எலார்ம் மணிக்கூட்டைத் திறந்து பார்த்த நாள் முதல் அவருடைய மனம் அதிலேயே ஒன்றிவிட்டது. பதினான்கு வயதிற் பாடசாலையை விட்டு மெத்தைத் தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இராணுவ சேவையின்போது சக வீரர்களின் கடிகாரங்களைத் திருத்திக் கொடுத்தார். 1947இல் விடுபட்டு வந்தபின் பகலிற் கடிகாரந் திருத்துபவராகவும் இரவில் லண்டன் கிளார்க்கென்வெல்லிலுள்ள நோர்தாம்ப்ரன் நிறுவகத்து வகுப்பு மாணவராகவும் வாழ்ந்தார். கிளார்க்கென்வெல் ஒருகாலத்தில் ஆங்கிலக் கடிகாரத் தொழிலின் நெஞ்சாக விளங்கிய பகுதி. அவர் அங்கு சென்றபோது அத்தொழில் பெரும்பாலும் நினைவாகவே எஞ்சியிருந்தது. பிரான்சிற் புகழ்பெற்ற பிரெகே (1747-1823) செய்த பழைய கடிகாரங்களைத் திருத்திப் புதுப்பிக்கும் பணியே அவருக்கு உயர்கல்வியாயிற்று. இறந்த ஆசானொருவர் தமது சக்கரங்களின் வாயிலாக அவருக்குப் பாடஞ் சொன்னார் எனலாம்.

கடிகாரமொன்றைச் செய்வதற்கு மரபாக 34 தனித்தனித் தொழில்கள் வேண்டும் என்பர். அவற்றுள் 32இனை டானியல்ஸ் கற்றுத் தேர்ந்தார். சக்கரம் வெட்டுதல், அச்சுக் கடைதல், எஃகைக் காய்ச்சிப் பதப்படுத்துதல், உறை செய்தல், முகப்பிலே கோலமிடுதல், முள்ளை அரத்தினால் தேய்த்து உருவாக்குதல் யாவும் ஒரே மேசையில், ஒரே சோடிக் கைகளால் நிகழ்ந்தன. ஒரு கடிகாரத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு சென்றது. வாழ்நாளில் அவர் தாமே முழுமையாகச் செய்தவை நாற்பதுக்கும் குறைவே. மார்க்ஸ் அடுக்கிக் காட்டிய அந்த நீண்ட பட்டியலை நினைவுகூர்ந்தால் இச்செயலின் பொருள் விளங்கும். பட்டறை முதலாளித்துவம் பல கூறுகளாக வெட்டி எறிந்த கடிகாரத் தொழிலாளியை, டானியல்ஸ் தமது உடலிலே மீண்டும் ஒன்றுகூட்டினார்.

1982இல் அவர் செய்து முடித்த ‘விண்வெளிப் பயணி’ என்னும் பைக்கடிகாரம் இவற்றுள் மிகப் புகழ்பெற்றது. மனிதன் சந்திரனில் இறங்கியதன் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. நாம் வழங்கும் சூரிய நேரத்தையும், விண்மீன்களைக் கொண்டு அளக்கும் நேரத்தையும் அது ஒருங்கே காட்டுகிறது. விண்மீன் நாள் சூரிய நாளினும் ஏறத்தாழ 3 நிமிடம் 56 விநாடி குறைந்தது. இவ்விரு காலங்களும் ஒரே உறைக்குள், தனித்தனிச் சக்கர வரிசைகளில், ஒன்றையொன்று தடுக்காமல் ஓடுகின்றன. சந்திரனின் வளர்பிறை தேய்பிறையும் அதில் உண்டு. இத்தனையும் காட்டும் முகப்பிலே நெரிசல் சிறிதுமில்லை. இரத்தினம் பதித்த பகட்டுமில்லை. நுண்கோடுகள் செதுக்கிய வெள்ளித் தளம், அதன்மேல் மெலிந்த முட்கள், ஒன்றோடொன்று அளவாகப் பொருந்திய வட்டங்கள். தேவையற்ற ஒரு கோட்டையும் அதிற் காண்பது அரிது. செய்யுளிலே சொல்லைப் பெயர்க்க முடியாதிருப்பதை நாம் மாணவர்க்குச் சிறப்பென்று எடுத்துரைக்கிறோம். அச்சிறப்பே இங்கு உலோகத்திற் கைகூடியிருக்கிறது.

அவர் பழைமையைப் போற்றியவரேனும் பழைமையிலே தேங்கியவரல்லர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தோமஸ் மட்ஜ் கண்டறிந்த நெம்பு விடுவிப்பானே பொறிக்கடிகாரங்களிற் பெரும்பாலும் வழங்கி வந்தது. அதிலே கல், சக்கரப் பல்லின்மீது வழுக்கிச் செல்கிறது. ஆகவே எண்ணெய் வேண்டும். எண்ணெய் நாளடைவில் தடித்துக் கடிகாரத்தின் ஓட்டத்தைக் கெடுக்கிறது. டானியல்ஸ் 1970களில் உருவாக்கிய ‘கோ-அக்சியல்’, அதாவது ஓரச்சு விடுவிப்பான், இவ்வழுக்கலைப் பெரிதுங் குறைத்தது. ஆற்றல் உராய்ந்து செல்லாமல் நேராகத் தள்ளும் வகையில் அதன் சக்கரங்களும் கற்களும் அமைந்தன. சுவிஸ் நிறுவனங்கள் நீண்ட காலம் அதனை ஏற்கத் தயங்கின. 1999இலேதான் ஒமேகா நிறுவனம் அதனைத் தனது கைக்கடிகாரமொன்றிற் பொருத்தி வெளியிட்டது. தனியொருவரின் மேசையிற் பிறந்த கருத்து பின்னர் இலட்சக்கணக்கான கடிகாரங்களில் இடம்பெற்றது. கைவினையும் பேருற்பத்தியும் பிறவிப் பகைவர் என்னும் எண்ணத்துக்கு இது தக்க மறுப்பாகும்.

இனி மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். 2019இல் நடந்த ஏலத்தில் ‘விண்வெளிப் பயணி’ 36 இலட்சம் பவுணுக்கு விலைபோயிற்று. அதனை வாங்குவோர் நேரம் பார்ப்பதற்காக வாங்குவதில்லை. விலை ஏறும் என்பதற்காகவும், பிறரிடம் இல்லாதது தம்மிடம் உண்டு என்பதற்காகவும் வாங்குகின்றனர். முழுமை பெற்ற உழைப்பு அரிதாகிவிட்ட சமுதாயத்திலே அவ்வுழைப்பின் விளைபொருள் பெட்டகத்துட் பூட்டிவைக்கும் செல்வமாகிவிடுகிறது. டானியல்சும் சமவுடைமைவாதியல்லர். செல்வர்க்கே கடிகாரம் விற்றார். பழைய பென்ற்லி மோட்டார் வண்டிகளைச் சேகரித்து மகிழ்ந்தார். அவரை நமது கொள்கையின் தூதுவராக வலிந்து காட்டுவது நேர்மையாகாது.

ஆயினும் அவர் செய்த இரு காரியங்கள் சந்தையின் தருக்கத்துக்குள் அடங்குவனவல்ல. முதலாவது, 1981இல் அவர் வெளியிட்ட ‘வோச்மேக்கிங்’ என்னும் நூல். தொழில் இரகசியத்தைத் தந்தை மகனுக்கும் மறைக்கும் மரபு கைவினை உலகெங்கும் உண்டு. டானியல்சோ தாம் அறிந்தவற்றைப் படங்களுடன், படிப்படியாக, எவரும் கற்கும் வண்ணம் எழுதிவைத்தார். அந்நூலைத் துணைக்கொண்டு இங்கிலாந்து இளைஞர் ரோஜர் ஸ்மித் தாமே ஒரு கடிகாரஞ் செய்து டானியல்சிடம் காட்டினார். போதாது, மீண்டும் செய்க என்றார் ஆசிரியர். பல்லாண்டு உழைத்து அவர் கொண்டுசென்ற இரண்டாவது கடிகாரத்தை டானியல்ஸ் ஏற்றுக்கொண்டார். 1980களிலிருந்து டானியல்ஸ் வாழ்ந்துவந்த மான் தீவிலே, ஸ்மித் பின்னர் தமது சொந்தப் பட்டறையை நிறுவி அம்முறையைத் தொடர்ந்தார். திருத்திய விடையைத் திரும்பவும் எழுதுக என்று கூற அஞ்சாத ஆசிரியரும், எழுதச் சலியாத மாணவரும் சேர்ந்ததனாலேயே ஒரு கலை அழியாது தப்பியது.

இரண்டாவது அவருடைய மரணசாசனம். 2011 ஒக்ரோபரில் அவர் காலமானபின் அவருடைய சேகரிப்பு 2012இல் ஏலத்தில் விற்கப்பட்டது. அவர் தமக்கென வைத்திருந்த ‘விண்வெளிப் பயணி’ மாத்திரமே 13 இலட்சம் பவுணைத் தாண்டியது. கடிகாரத் தொழிலோடு பொறியியல், மருத்துவம், கட்டடத் தொழில் ஆகியன பயிலும் மாணவர்க்கு உதவும் கல்வி நிதியத்துக்கே அச்செல்வம் சென்றது. பதினான்கு வயதிற் பாடசாலையை விட்டு மெத்தை தைக்கச் சென்ற சிறுவன், தன்னைப் போன்ற பிறர் கற்பதற்கு வழிவிட்டுச் சென்றான்.

ரொஸ்கொப்ஃ கடிகாரத்தைப் பாட்டாளியின் கைக்குக் கொண்டுவந்தார். அதனைச் செய்த பாட்டாளி துண்டுபட்டவனாகவே இருந்தான். டானியல்ஸ் செய்பவனை முழு மனிதனாக்கிக் காட்டினார். அவன் செய்த பொருளைப் பாட்டாளி கண்ணாலும் காண்பதரிது. இவ்விரண்டையும் ஒருங்கே கொண்ட சமுதாயம் இன்னும் அமையவில்லை. பொருள் எல்லார்க்கும் கிடைக்க வேண்டும். அதனை ஆக்குபவனும் தான் செய்வது இன்னதென அறிந்து செய்ய வேண்டும். மூளைக்கு ஒரு கல்வி, கைக்கு ஒரு கல்வி என்று பிள்ளைகளை இருகூறாக்கி, முன்னதற்கு மதிப்பும் பின்னதற்கு இளக்காரமும் வழங்கும் வரையில் அச்சமுதாயம் தூரத்திலேயே நிற்கும். டானியல்ஸ் இரவு வகுப்பிலும், பிரெகேயின் பழைய சக்கரங்களிடையேயும் தேடித் தேடிப் பெற்ற அறிவு அவருக்குத் தற்செயலாக வாய்த்தது. அவரோடு அதே மெத்தைத் தொழிற்சாலையில் நின்ற மற்றைச் சிறுவர்களுள் எத்தனை பேரின் கைகளிலே இத்தகைய கடிகாரங்கள் செய்யப்படாமலே போயின என்பதை எந்த ஏலமும் நமக்குக் கூறப்போவதில்லை. ஒரு மனிதர் தமது மரணசாசனத்தினாற் கொடையாக அளித்ததை ஒரு சமுதாயம் தனது பிள்ளைகள் அனைவருக்கும் உரிமையாக அளித்தல் வேண்டும்.